100 லீற்றர் கடல்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அண்மைக்காலமாக எமது ஊர்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் முன்மண்டபங்களிலும், சில ஆடையகங்கள், உணவகங்களின் காசாளர் மேசைக்கு அருகிலும் கடல்நீர் மீன் தொட்டிகளைக் காண முடிகிறது. தங்கமீன் விடும் நன்னீர்த் தொட்டி போன்றதல்ல இது. நீல ஒளியில் அசையும் முருகைகள், அவற்றுக்கிடையே செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள் என்று ஒரு துண்டுக் கடலையே பெயர்த்து வைத்தாற்போல் இருக்கும். பார்த்தவர்களுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை.

இருபது வருடங்களுக்கு மேலாக அலங்கார மீன் வியாபாரத்தில் ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் ஒன்றைக் கூறலாம். என்னிடம் வருவோரில் பெரும்பாலானோர் இரண்டே கேள்விகளுடன் வருகின்றனர். தொட்டி என்ன விலை, மீன் என்ன விலை? மாதம் என்ன செலவாகும், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் பணம் கரைவதும் உயிர்கள் மடிவதும் கேட்கப்படாத அந்த இரண்டு கேள்விகளில்தான்.

இத்தொழிலில் இலங்கை புதியதல்ல. வெளிநாடுகளுக்குக் கடல் அலங்கார மீன்களைச் சேகரித்து அனுப்பும் வேலை 1930களிலேயே இங்கு சிறிய அளவில் ஆரம்பமாகிவிட்டது. வெள்ளைப் புள்ளிகள் கொண்ட இரத்தச் சிவப்பு இறாலுக்கு இன்றும் உலகச் சந்தையில் இலங்கையின் பெயரே முன்னிற்கிறது. நம் கடலில் பிடிபட்ட இறால் ஐரோப்பாவில் யாரோ ஒருவரின் வீட்டில் வருடக்கணக்கில் வாழ்கிறது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாமோ இரண்டு மாதத்தில் அதைக் கொன்றுவிடுகிறோம். காரணம் அவசரம்.

தொட்டியும் இடமும்

ஆரம்பிப்பவருக்கு 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள தொட்டி போதுமானது. ஏறத்தாழ 100 லீற்றர் பிடிக்கும். இதைவிடச் சிறியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் சடுதியாக மாறும். எனவே புதியவருக்குச் சிறிய தொட்டிதான் கடினமானது. நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 130, 140 கிலோ வரும் என்பதால் மேசையை மட்டம் பார்த்துப் பலமாகச் செய்விக்க வேண்டும். வெயில் விழும் யன்னலோரம் வேண்டாம்.

நீர்தான் முதல் செலவு

கடல்நீரின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு. இதை அளக்க மிதவைக் கருவியை நம்பாமல், ஒளிமுறிவைக் கொண்டு அளக்கும் ரிப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்குங்கள். அதைச் சரிபார்க்கும் 35 பங்குத் திரவத்தையும் கேட்டு வாங்குங்கள். செயற்கை உப்பில் நீர் தயாரிப்பதானால் லீற்றருக்கு ஏறக்குறைய 37 கிராம் வேண்டும். தொட்டியை நிரப்ப 3.7 கிலோ. வாரந்தோறும் 10 லீற்றர் மாற்றினால் வருடத்துக்கு மேலும் 19 கிலோ. இந்த உப்பு இறக்குமதிப் பொருள். 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது பலர் நீர் மாற்றுவதை நிறுத்தினர், பின்னர் தொட்டியையே விற்றனர். கணக்குப் போடும்போது மீனின் விலைக்கு முன் இந்த உப்பின் விலையை எழுதிக்கொள்ளுங்கள்.

பேருவளை, வெலிகம, கிண்ணியா, காத்தான்குடி போன்ற ஊர்களில் இருப்போர், "கடல் பக்கத்தில்தானே, ஏன் உப்பு வாங்க வேண்டும்?" என்று கேட்பது நியாயமே. கடல்நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. முகத்துவாரம், துறைமுகம், ஹோட்டல் கழிவு கலக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தூரமாக எடுக்க வேண்டும். பெருமழை பெய்து ஆற்று நீர் கலந்திருக்கும் நாட்களில் எடுக்கக் கூடாது. மேற்கிலும் தெற்கிலும் மே முதல் செப்டம்பர் வரையும், கிழக்கில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் இதில் கூடிய கவனம் தேவை. துணியால் வடித்து, மூடிய பீப்பாயில் காற்றுக் குழாய் விட்டு, இருட்டில் இரண்டு வாரமளவில் வைத்த பின்னரே பாவிக்கலாம். புத்தளம் களப்பு நீரை நினைக்கவே வேண்டாம். வரட்சிக் காலத்தில் அது கடலைவிட உப்பானது.

இனி நன்னீர். தொட்டியிலிருந்து தினமும் ஒன்று, ஒன்றரை லீற்றர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தைச் சிலர் கடல்நீரால் நிரப்புகின்றனர். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் வீதம் இப்படிச் செய்தால் பத்தே நாளில் 35 பங்கு உப்பு 40 பங்கை எட்டிவிடும். குறைவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு. கற்பிட்டிப் பக்கக் கிணறுகளில் பசளை காரணமாக நைத்திரேற்று அதிகம். சிறுநீரக நோய் பரவிய பின்னர் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் குடிநீருக்கென ஆர்.ஓ. நிலையங்கள் பல வந்தன. அத்தகைய நீர் கிடைக்குமானால் அதுவே சிறந்தது.

மீன் இல்லாத ஆறு வாரங்கள்

"நானா, தொட்டி நிரப்பியாச்சி, இண்டைக்கே மீனைத் தாங்களே" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். இல்லை என்று சொல்வது வியாபாரிக்கு எளிதல்ல. ஆயினும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பாடசாலையில் படித்த நைதரசன் வட்டம் இங்கே நேரடியாக வேலை செய்கிறது. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாக மாறும். அமோனியா நஞ்சு. அதிலும், கடல்நீர் சற்றுக் காரத்தன்மை கொண்டதால் நன்னீரில் இருப்பதைவிட இங்கு அதன் நச்சுத்தன்மை அதிகம். ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியாக வருவது ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது, நீரை மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். போத்தலில் விற்கும் பக்டீரியா இக்காலத்தைச் சற்றுக் குறைக்கும்.

அதுவரை தொட்டியில் மீன் வேண்டாம். சிறிதளவு அமோனியம் குளோரைட்டு அல்லது ஒரு துண்டு இறால் இறைச்சி போட்டு பக்டீரியாவுக்குத் தீனி கொடுக்கலாம். இரண்டு பி.பி.எம். அளவு அமோனியாவை இட்டு, 24 மணித்தியாலத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். இடையில் கண்ணாடியிலும் மணலிலும் கபில நிறத் தூசு படியும், பின்னர் பச்சைப் பாசி வரும். பயந்து மருந்து ஊற்றத் தேவையில்லை, தானாகக் குறையும்.

இந்தப் பரிசோதனைப் பெட்டியின் விலை ஒரு நல்ல மீனின் விலைக்கு மேல் போகாது. அதை வாங்கத் தயங்குபவர் மீன்களைக் கொண்டு பரிசோதிக்கிறார். எதிர்காலத்தில் இதனை ஒரு தொழிலாகச் செய்ய எண்ணும் இளைஞர்களும் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். முதல் நாளே மீனை விற்றால் அன்றைய இலாபம் கையில் வரும், வாங்கியவர் இரண்டு மாதத்தில் தொட்டியைக் கவிழ்த்து வைப்பார். ஆறு வாரம் காத்திருந்தவரோ உப்புக்கும் உணவுக்கும் பராமரிப்புக்கும் வருடக்கணக்கில் உங்களிடம் வருவார். மீன் விற்பதில் கிடைக்கும் இலாபத்தைக் கடையில் இறக்கும் மீன்களே தின்றுவிடுகின்றன. என் கடையின் வாடகையைக் கொடுப்பது உப்பும் பராமரிப்பு வேலையும்தான்.

கல்லும் சட்டமும்

தொட்டியின் முதுகெலும்பு துளைகள் நிறைந்த கல். பக்டீரியாவின் வீடு அது. கடற்கரையில் கிடக்கும் முருகைக் கல்லைப் பொறுக்கி வந்தால் செலவு மிச்சம் என்று சிலர் நினைக்கின்றனர். கரையோரம் பேணல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆராய்ச்சித் தேவை தவிர, கரையோர வலயத்தில் முருகைக் கல்லை அகழ்வதும் சேகரிப்பதும் வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் தடை. இது சுண்ணாம்புச் சூளைக்காரருக்கு மட்டும் உரிய சட்டம் என்று எண்ண வேண்டாம். பீங்கானாலும் சுண்ணாம்புக் கலவையாலும் செய்த செயற்கைக் கற்கள் விற்பனைக்கு உள்ளன. 100 லீற்றருக்கு எட்டு, பத்து கிலோ போதும்.

உயிருள்ள முருகையும் அவ்வாறே. முருகை என்பது கல்லோ செடியோ அல்ல, ஒரு பிராணி. அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதற்குக் கொடுக்கிறது. வெப்பம் கூடினால் இந்தப் பாசி வெளியேறிவிடும், முருகை வெளிறும். 1998இல் கடல்நீர் சூடானபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டி பார் முருகைப் பாறையிலும் பெருமளவு முருகைகள் இப்படித்தான் மடிந்தன. வழமையைவிட ஓரிரு பாகை கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்ததே போதுமாயிருந்தது. மிஞ்சியதைப் பெயர்த்தெடுத்து வீட்டு அலங்காரத்துக்கு வைப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. தொட்டியில் வளர்த்து வெட்டிப் பெருக்கிய துண்டுகளை, எங்கிருந்து வந்தது என்ற பத்திரத்துடன் விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். பத்திரம் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

ஆரம்பிப்பவருக்கு ஏற்றவை காளான் வடிவ முருகை, தோல் முருகை, பொத்தான் போன்ற சோவாந்திட் ஆகியன. நடுத்தர ஒளியில் வளரும், வார நீர்மாற்றமே அவற்றுக்குப் போதும். சோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பலிடொக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுடுநீரில் போடவோ அவிக்கவோ கூடாது. ஆவியை முகர்ந்த முழுக் குடும்பமும் வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

எந்த மீன், எத்தனை?

வரிசை முக்கியம். ஆறாவது வாரத்தில் பாசி தின்னும் நத்தைகளும் சங்குக்குள் வாழும் சிறு நண்டுகளும். எட்டாவது வாரத்தில் ஒன்றிரண்டு முருகைகள். அதன் பின்னரே மீன். தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஒரு சோடி முதலில் வரட்டும். கடலில் பிடித்ததைவிட உறுதியானது, கொடுத்த உணவைத் தின்னும். மூன்று வாரம் கழித்து உளுவை இனத்தைச் சேர்ந்த சிறிய கோபி மீன் ஒன்று. 100 லீற்றருக்கு மூன்று அல்லது நான்கு மீன், அவ்வளவுதான்.

2003இல் வெளிவந்த நீமோ படத்தைப் பார்த்த பிள்ளைகள் நீல நிற டோரியையும் கேட்பார்கள். அது ஓரடி வரை வளரும், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. நம் கடலில் பிடிபடும் வெளிர்நீல அறுவை மீனும் அப்படியே. முருகையைக் கொத்தித் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களும், மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று வாழும் துப்புரவு மீனும் பட்டினியால் சாகும். கோமாளி மீனுக்குத் துணையாகக் கடல் அனிமனியை முதல் வருடத்தில் வாங்க வேண்டாம்.

புதிய மீன் எதையும் நேரே தொட்டியில் விடாமல், 40 லீற்றர் அளவிலான வேறு பாத்திரத்தில் நான்கு வாரம் வைத்திருங்கள். வெண்புள்ளி நோய்க்கான செப்பு மருந்தை முருகைத் தொட்டியில் ஊற்ற முடியாது, இறாலும் நத்தையும் செத்துவிடும்.

மின்சாரம்

50 வாற்று எல்.ஈ.டி. விளக்கு ஒன்பது மணித்தியாலம், நீரோட்டப் பம்புகளும் சிறு விசிறியும் சேர்ந்து 25 வாற்று நாள் முழுவதும் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 32 அலகுகள். மாதம் 60 அலகுக்குள் இருந்த வீடு இதனால் அடுத்த கட்டணப் படிக்கு ஏறும். உயரும் தொகை 32 அலகின் விலை மட்டுமல்ல என்பதைக் கவனிக்கவும். நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நீரின் மேல் விசிறி வீசச் செய்தால் இரண்டு மூன்று பாகை குறையும். அதுவும் போதாத வீட்டுக்கு நீர் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும், அதன் மின்செலவு தனி. நுவரெலியாவில் இருப்பவருக்கோ இதற்கு மாறாகச் சூடாக்கி தேவைப்படும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடே இருளில் மூழ்கியது. பம்பு நின்றால் சில மணித்தியாலத்தில் நீரில் ஒட்சிசன் குறையும். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லாத வேளையில், குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருப்பது உதவும்.

குடும்பத்துடன் உம்ராவுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் வீடுகளில் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் உணவுப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அன்பின் மிகுதியால் அள்ளிப் போடுவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் வேண்டிய உணவை மாத்திரைப் பெட்டியில் தனித்தனியே நிரப்பி வையுங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை நன்னீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். நன்னீர்ப் போத்தல்களை எண்ணித் தொட்டிக்குக் கீழே அடுக்கி வைத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமிராது.