நம்ம மடைக்குத் தண்ணி தர்ற ஏரி!

தேக்கடி என்றாலே புதுசாகக் கல்யாணமானவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் போகிற இடம் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு நினைப்பு. இத்தனைக்கும் கம்பத்திலிருந்து குமுளி 25 கிலோ மீட்டருக்குள்தான். அங்கிருந்து ஏரி இன்னும் 4 கிலோ மீட்டர்.

சுருளி அருவிக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று தவறாமல் போவோம். சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயில் மலையேறுகிறவர்களும் உண்டு. ஏரிக்கு மட்டும் யாரும் போவதில்லை. இதில் பெரிய வேடிக்கை, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள்தான். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், காய் பறித்து, களையெடுத்து, பொழுது சாயத் திரும்புகிறார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் முப்பது வருஷமாகக் குமுளி வழியாகத்தான் போய் வருகிறார். "ஏரியா? போர்டைப் பாத்திருக்கேன். ஜீப்பு அங்கிட்டுத் திரும்பாதுல்ல" என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே எங்கள் மகளிர் குழுவில் பேச்சை எடுத்துவிட்டேன்.

சம்மதம் வாங்குவது லேசான காரியமாக இல்லை, தோழிகளே! 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்ததில் கவிழ்ந்தது என்று பேப்பரில் படித்தவர்கள்தானே எல்லோரும்! "பொம்பளைக மட்டும் போயி என்னத்தச் செய்வீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொன்னது நானில்லை, என் மாமியார். "வருஷத்துல ரெண்டு தரம் முழங்கால் தண்ணியில நின்னு நாத்து நடுறேன். அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு சாகுறதுக்குள்ள நான் பாக்க வேண்டாமா?" அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை, வேன் பிடித்து, 12 பேர் கிளம்பினோம். கூட்டம் குறைவாக இருக்கும் என்றுதான் வாரநாளாகப் பார்த்தது. ஏலத்தோட்ட அக்காவும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். நம் வண்டி ஏரிக்கரை வரை போக முடியாது. குமுளியிலேயே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் உள்ளே போகவேண்டும். பிளாஸ்டிக் கூடாது. நாங்கள் புளிச்சோற்றையும் துவையலையும் தூக்குவாளியில் எடுத்துப் போனோம். குரங்குகள் தொல்லை அதிகம், வாளி மூடி இறுக்கமாக இருக்கட்டும்! நுழைவுக் கட்டணம் தனி, படகுக் கட்டணம் தனி. காலை ஏழரை மணிப் படகுக்கே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் காட்டுக்குள் போய்விடும்.

படகில் எல்லோருக்கும் லைப் ஜாக்கெட் கட்டாயம். சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இடத்தைவிட்டு எழுந்திருக்கவே விடுவதில்லை. அதுதான் சரி. யானை வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவே கருத்த மொட்டை மரங்கள் நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது முங்கிப்போன காட்டு மரங்கள் அவை. அணை திறந்தது 1895இல். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிமரம் அப்படியே நிற்கிறது. உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி இருந்தன. கரையில் மிளாக் கூட்டம், அப்புறம் குட்டியோடு மூன்று யானைகள். காட்டுப்பன்றியைக் காட்டியபோது மட்டும், "இதப் பாக்கவா காசு குடுத்தோம்? நம்ம தோட்டத்துக்குத் தினமும் வருதே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் மாமியார் யானையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுத் தண்ணியா!" என்றார். ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராமல் நாற்றங்கால் காய்ந்து, காதுத்தோட்டை அடகு வைத்து மறுபடி விதை வாங்கியதையும், ராத்திரியில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடைக்குக் காவல் இருந்ததையும் அப்போதுதான் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 19 வருஷம். ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தத் தண்ணீரின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. அதைத் தடுத்துக் கிழக்கே திருப்ப, 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை போட்டார்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர். பென்னி குயிக் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணையைக் கட்டினார். காய்ச்சலிலும் காலராவிலும் எத்தனையோ கூலியாட்கள் அந்தக் காட்டிலேயே செத்துப் போனார்கள். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில் கரண்ட் எடுத்துவிட்டு, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகை அணைக்குப் போகிறது. மதுரைக்காரர்கள் குடிப்பதிலும் இது இருக்கிறது. அணையைப் பார்க்க டூரிஸ்ட் படகு போகாது. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றிக் குமுளிப் பாதை அடைபட்டபோது, ஏலத்தோட்டப் பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த நாட்களை அந்த அக்கா நினைவுபடுத்தினார். "அங்கிட்டு வேலை, இங்கிட்டு வயலு. ரெண்டும் எங்களுக்கு வேணும்ல" என்றார். மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

மதியத்துக்குமேல் எங்களில் ஆறு பேர் வனத்துறையின் காட்டு நடைக்குப் போனோம். மூன்று மணி நேரம். அட்டை கடிக்காமலிருக்கக் காலுக்கு முழங்கால் வரை துணியுறை தருகிறார்கள். பளபளக்கும் சேலை வேண்டாம், பச்சை, காக்கி மாதிரி நிறங்களே நல்லது. சுடிதார் இருந்தால் இன்னும் சௌகரியம். ஒரு காலத்தில் காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்களே திருந்தி வனத்துறையோடு சேர்ந்து வழிகாட்டிகள் ஆன கதையைக் கேட்டுக்கொண்டே நடந்தோம். அதைவிட எனக்குப் பிடித்தது வசந்த சேனை. குமுளிப் பக்கத்துக் குடும்பப் பெண்கள் 2002இல் ஆரம்பித்த குழு. வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை வைத்துக்கொண்டு சந்தன மரங்களுக்குக் காவல் போயிருக்கிறார்கள், சம்பளமே இல்லாமல்! நம்மைப்போல் அடுப்படியில் நிற்கிற பெண்கள்தானே!

திரும்பும்போது மலைப்பாதையில் அந்த ராட்சதக் குழாய்களைப் பார்த்தோம். எத்தனையோ தடவை பார்த்ததுதான். இப்போது உள்ளே ஓடுவது என்னவென்று தெரிந்து பார்த்தோம். லோயர் கேம்ப்பில் 2013இல் திறந்த பென்னி குயிக் மணிமண்டபத்தில் இறங்கினோம். பொங்கலுக்கு யாரோ போட்ட மாலை வாடிக் கிடந்தது. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

இரவு ஏழு மணிக்கு வீடு. என் வீட்டுக்காரர் சாதம் வைத்து, ரசமும் வைத்திருந்தார். உப்பு சற்றுத் தூக்கல், சொல்லவில்லை.

அடுத்து மூங்கில் தெப்பத்தில் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. காலையில் கிளம்பிக் காட்டில் நடந்து, தெப்பம் தள்ளி, சாயங்காலம் திரும்புவது. முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்குத்தான் இடம். நாங்களோ 12 பேர். எந்த ரெண்டு பேர் நின்றுகொள்வது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. மாமியார் மட்டும் தன் பேரை முதலாவதாக எழுதச் சொல்லிவிட்டார்.

- ஒரு வாசகி, காமயகவுண்டன்பட்டி