அறிவின் அளவுகோலும் மனிதனின் தகுதியும்

ஷரீஅத்தின் கடமைகள் அறிவை அடிப்படையாகக் கொண்டவை. உறங்குபவர், சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டதாக நபிமொழி அறிவிக்கிறது. எனினும் கடமையிலிருந்து விலக்கு அளிப்பது வேறு. சமூகத்திலிருந்து விலக்கி வைப்பது வேறு.

உஸூலுல் ஃபிக்ஹ் இவ்வேறுபாட்டை நுட்பமாக வகுத்துள்ளது. உரிமைகளைப் பெறும் தகுதியான அஹ்லிய்யத்துல் வுஜூப், மனிதராய்ப் பிறந்த அனைவருக்கும் உரியது, வாரிசுரிமை இதன்பாற்பட்டது. செயலாற்றும் தகுதியான அஹ்லிய்யத்துல் அதா மட்டுமே அறிவின் நிலைக்கேற்ப மாறுபடும். அதிலும் ஹனஃபீ அறிஞர்கள், பித்துற்ற மஜ்னூனையும் புரிதல் குன்றிய மஅத்தூஹையும் ஒன்றாகக் கருதவில்லை. பின்னவரை விவரமறிந்த சிறுவரின் நிலையில் வைத்து, அவர் அன்பளிப்பு பெறுவதைச் செல்லுபடியாக்கினர். அறிவுக்குப் படித்தரங்கள் உண்டு என்பதே இதன் கருத்தாகும்.

நம் நிறுவனங்களோ நிறைவு, குறை என்னும் இரண்டையே அறியும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என எவ்வூர் மக்தபாயினும், ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் ஒப்பிப்பதே அளவுகோல். ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளை அடங்காதவன். எழுத்துகள் இடம்மாறித் தெரியும் பிள்ளை சோம்பேறி. கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளை மரியாதையற்றவன். மக்தப் இட்ட பெயரைப் பள்ளிக்கூடம் உறுதிசெய்கிறது. பின்னர் திருமணப் பேச்சிலும் அதுவே முன்வந்து நிற்கிறது. மனநோய் இவற்றினின்று வேறானது. ஆயினும் விலக்கிவைக்கும் மனப்பான்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதே சான்று.

மூளையின் இயல்புகள் பலவகை. பெரும்பான்மையோரின் இயல்பே அளவுகோல் ஆகாது என்னும் ‘நரம்பியல் பன்மை’க் கருத்து 1990களில் ஆட்டிசம் உடையோரிடையே உருவானது. சட்டமும் மெல்ல மாறியது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. அரசுப் பொதுத்தேர்வில் இத்தகைய மாணவருக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் அளிக்கப்படுகின்றனர்.

மதரஸாக்களுக்கு இது அந்நியமான வழியன்று. பார்வையற்றோர் செவிவழி ஓதி ஹாஃபிழ்களாகும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. அதனைச் சலுகை என்று எவரும் குறைகூறியதில்லை. உஸ்தாத் ஓத, மாணவர் கேட்டு ஓதினார், அவ்வளவே. எழுத்து பிடிபடாத பிள்ளைக்கும் அவ்வாசலைத் திறந்துவிடுவதும், அமர இயலாத பிள்ளைக்குப் பாடத்தைச் சிறு பகுதிகளாக்குவதும் உஸ்தாதின் கையிலேயே உள்ளன. இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒப்பிக்கும் வேகமே அறிவு என்னும் எண்ணத்தை நாம் கைவிட்டால் போதும்.