கரடியூரில் 'தடதட'!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் என் அக்கா பொண்ணு முன் சீட்டின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவி... அடியேன்!

"சத்தம் போடாம வாடி!" என்று வளைவுக்கு ஒரு தரம் அக்கா அதட்டினாள். ஆக மொத்தம் 20 அதட்டல். பி.காம். படித்தவன் சார், கணக்குத் தப்பாது.

பொண்ணு எட்டாவது. லீவுக்கு டிரம்ஸ் கத்துக்கணுமாம். "பொம்பளப் புள்ளைக்கு டிரம்ஸா? வீணை கத்துக்கட்டும்!" என்று அக்கா வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். சமாதானத்துக்குத்தான் இந்த ஏற்காடு டிரிப்.

கரடியூர் போனோம். மலை விளிம்பு, கீழே கிடுகிடு பள்ளம். கரடி எதுவும் கண்ணில் படவில்லை. பள்ளத்தைப் பார்த்து 'ஹோ'வென்று அலறி அந்தக் குறையை அவளே தீர்த்து வைத்தாள்.

"சத்தம் போடாதே!" - இருபத்தொன்று.

"மாமா, பொண்ணுங்களுக்குன்னே ராக் மியூசிக் கேம்ப் எங்கேயாவது இருக்கா?"

இல்லாமலென்ன! அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் 2001-ல் மிஸ்டி மெக்எல்ராய் என்ற மாணவி, கல்லூரி புராஜெக்டாக ஆரம்பித்தார். எட்டு வயசுப் பொடிசுகூட சேரலாம். கிடாரைத் தொட்டே பார்க்காதவளும் வரலாம். வாத்தியம் பழகி, குழு சேர்ந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டி, மேடையேறி வாசிக்க வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில்! அப்புறம் பல ஊர்களில் இதே மாதிரி முகாம்கள் முளைத்தன. இவற்றில் ஒரு வேடிக்கைப் பழக்கம்: தப்பாக வாசித்துவிட்டு 'ஸாரி' சொல்லக் கூடாது. 'ஐ ராக்' என்று சொல்ல வேண்டும். 'நான் கில்லாடி' என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"அது அமெரிக்காடா" என்றாள் அக்கா.

இங்கேயும் நடந்திருக்கிறது. ஸ்ரீநகரில் மூன்று பத்தாம் வகுப்பு மாணவிகள், 'பிரகாஷ்' - அதாவது வெளிச்சம் - என்று ராக் குழு அமைத்து, 2012 டிசம்பரில் போட்டியில் பரிசே வாங்கினார்கள். மிரட்டல்கள் வந்தன. 2013 பிப்ரவரியில் ஃபத்வாவும் வந்தது. குழு கலைந்தது. மும்பையில் மோகினி டேயின் அப்பாவோ பேஸ் கிடாரைச் சின்ன வயசிலேயே மகள் கையில் கொடுத்தார். அவர் ஏ.ஆர். ரஹ்மானின் குழுவில் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தார். இவருக்கு 'வாசி' என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. அந்த மூவருக்கு 'நிறுத்து' என்றவர்களின் குரல்தான் பெரிசாக இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் அடிப்பேனே... பித்தளை அண்டா. ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. ஸ்கூல் விட்டு வந்ததும் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு வாசிப்பாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். அந்த வருஷம் எனக்குப் பரீட்சை. "தம்பி படிக்கிறான், சத்தம் போடாதே" என்றாள் அம்மா. அண்டா பரண் ஏறியது. நான் பாஸ் பண்ணினேன். அண்டா இறங்கவே இல்லை.

இத்தனை வருஷமாக என் கணக்கில் வராத கடன்!

"முதல்ல ரப்பர் பேடுல பழகினா போதும்க்கா. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. டிரம்ஸ் செட் அப்புறம் பார்த்துக்கலாம். ஃபீஸ் என் பொறுப்பு" என்றேன்.

அக்கா பதில் சொல்லவில்லை.

இறங்கும்போதும் அதே 20 வளைவுகள். என் முதுகில் அதே 'தடதட'. ஆனால், அதட்டலைக் காணோம். ஐந்தாவது வளைவில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

பொண்ணு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டிருந்தது... அக்கா!