ஷாக் அப்சார்பரை இறுக்கலாமா? எக்செல்லைக் கேளுங்கள்!

எக்செல் என்றதும் மாதாந்திர வரவு செலவுக் கணக்கும் மார்க் பட்டியலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே எக்செல்லில் ஒரு காரின் சஸ்பென்ஷனையும் இயக்கிப் பார்க்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், திருகி மாற்றும் வசதியுள்ள ஷாக் அப்சார்பர்களைத் தன் காரில் பொருத்தினார். “முழுக்க இறுக்கிவிட்டேன், இனி இது ரேஸ் கார்தான்” என்றார். இறுக்கமாக இருந்தால் கார் சாலையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது பலருடைய எண்ணம். இது எந்த அளவுக்கு உண்மை என்பதை அவருக்குக் காட்டவே இந்த ஒர்க்‌ஷீட்டைத் தயார் செய்தேன்.

முதலில் ஓர் அடிப்படை. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய கார் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே திணறிச் செல்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ, அதற்கேற்ப எதிர்ப்பும் கூடும். இந்த எதிர்ப்பைத்தான் டேம்பிங் என்கிறோம்.

எக்செல்லில் செய்முறை

ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருப்பதாகவும், ஸ்பிரிங் 1 செ.மீ. அமுங்க 200 நியூட்டன் விசை (சுமார் 20 கிலோ எடை) தேவை என்றும் கொள்வோம். மீட்டர் கணக்கில் இது 20,000 ஆகும்.

1. ஏ1 கட்டத்தில் 1225 என டைப் செய்யுங்கள். இதுதான் டேம்பிங் அளவு. பிஸ்டன் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 1225 நியூட்டன் எதிர்ப்பு கிடைக்கும் என்று பொருள்.

2. மூன்றாம் வரிசையில் ஏ, பி, சி, டி கட்டங்களில் நேரம், உயரம், வேகம், முடுக்கம் எனத் தலைப்பிடுங்கள்.

3. நான்காம் வரிசையில் ஏ4ல் 0, பி4ல் 0.05, சி4ல் 0 என அமையுங்கள். காரை 5 செ.மீ. மேலே தூக்கி விடுகிறோம் என்பதே இதன் பொருள்.

4. டி4ல் =-(20000*பி4+ஏ1*சி4)/300 என்ற சூத்திரம் வர வேண்டும். கட்டங்களின் பெயரை டைப் செய்யத் தேவையில்லை. அந்தந்தக் கட்டத்தில் மவுஸால் கிளிக் செய்தால் பெயர் தானே வந்துவிடும். ஏ1ஐக் கிளிக் செய்தவுடன் எஃப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். டாலர் குறிகள் தோன்றும். இனி சூத்திரத்தை எங்கே காப்பி செய்தாலும் இந்த முகவரி மாறாது.

5. ஐந்தாம் வரிசையில் ஏ5ல் =ஏ4+0.01 எனவும், சி5ல் =சி4+டி4*0.01 எனவும், பி5ல் =பி4+சி5*0.01 எனவும் கொடுங்கள். டி4ஐ டி5ல் காப்பி செய்யுங்கள்.

6. ஏ5 முதல் டி5 வரை தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து 204ஆம் வரிசை வரை இழுங்கள். இரண்டு வினாடிகளுக்கான கணக்கு தயார்.

7. பி நெடுவரிசையின் எண்களைத் தேர்வு செய்து லைன் சார்ட் போடுங்கள்.

இனி ஏ1ஐ மட்டும் மாற்றி வேடிக்கை பாருங்கள். 490 கொடுத்தால், கார் கீழே வந்து சமநிலையைத் தாண்டி 3.6 செ.மீ. வரை அமுங்கி, பல முறை ஆடும். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் உள்ள கார் ஏறக்குறைய இப்படித்தான் ஆடும். 1225 கொடுத்தால் 2.2 செ.மீ. அமுங்கி, விரைவில் அடங்கும். 3429 கொடுத்தால் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டுமே தாண்டி நின்றுவிடும்.

இந்த எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் கார் சமநிலையைத் தாண்டாமலே நிற்கும் எல்லை சுமார் 4,900. சாலையில் ஓடும் கார்களில் இதில் கால் பங்கை ஒட்டிய அளவும், சமமான பந்தயத் தடத்துக்கு 70 சதவீதம் வரையும் வைப்பது வழக்கம். 1225, 3429 என்ற எண்கள் இப்படி வந்தவைதான்.

அப்படியானால் சாலைக்கும் 3429 வைத்தால் என்ன?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் கணக்கில் சாலை சமமாக இருக்கிறது. ஒரு மேடு வந்து சக்கரம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மேலே தள்ளப்பட்டால்? 1225ல் காரின் உடலுக்குப் போகும் உதை 612 நியூட்டன், அதாவது சுமார் 62 கிலோ. 3429ல் அது 1,714 நியூட்டன், சுமார் 175 கிலோ. முதுகு வலிப்பது சிறிய விஷயம். மேட்டைத் தாண்டியதும் சக்கரம் கீழே இறங்கிச் சாலையைத் தொட வேண்டும். இறுக்கமான ஷாக் அப்சார்பர் அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. டயர் தரையை அழுத்தாத அந்த நொடியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பலன் தராது. மழையில் நனைந்த, குண்டும் குழியுமான வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தயத் தடங்களிலும் எல்லாம் ஒன்றல்ல. ஜெர்மனியில் 1927ல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று 20.8 கி.மீ. நீளமுள்ளது. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தங்கள் காரை அங்கே ஓட்ட முடியும். மேடு பள்ளங்கள் நிறைந்த தடம் என்பதால், சமமான தடத்துக்கு வைப்பதைவிட மென்மையான அமைப்பே அங்கே பொருந்தும். டயரைத் தரையில் வைத்திருப்பதுதான் குறிக்கோள். இறுக்கம் அதற்கு ஒரு கருவி மட்டுமே.

திருகுமுன் கவனிக்க

* அமுங்கும்போது வரும் எதிர்ப்பு பம்ப். விரியும்போது வருவது ரீபவுண்ட். ஒரே திருகு உள்ள பல வகைகளில் ரீபவுண்ட் மட்டுமே மாறும். எது மாறும், எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

* சிலவற்றில் லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என இரு திருகுகள் இருக்கும். இது காரின் வேகம் அல்ல, பிஸ்டனின் வேகம். வளைவில் கார் சாய்வது லோ ஸ்பீட். குழியில் சக்கரம் விழுவது ஹை ஸ்பீட்.

* மாற்றுமுன் இப்போது எத்தனை கிளிக்கில் உள்ளது என எண்ணிக் குறியுங்கள். இடது, வலது இரண்டும் சமமாக இருக்கட்டும்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஓரிரு கிளிக் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் டயர் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள்.

* எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரைத் திருகிச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

* தடத்தில் ஓட்டி முடித்ததும், வீட்டுக்குக் கிளம்புமுன் சாலை அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தத் திருகும் வேலையைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே செய்வதும் உண்டு. 2002ல் காடிலாக் செவில் காரில் வந்த மேக்னரைடு முறையில், எண்ணெயில் இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலம் உண்டாக்கினால் எதிர்ப்பு நொடிப்பொழுதில் கூடும். சென்சார்கள் தரும் தகவலைப் பார்த்து, எவ்வளவு மின்சாரம் அனுப்புவது எனக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

அந்த வசதி இல்லாத காருக்கு உங்கள் எக்செல் உதவும். இதே பைலில் இன்னொரு ஷீட்டைத் திறந்து தேதி, முன் பின் கிளிக் எண்ணிக்கை, டயர் அழுத்தம், ஓட்டியபோது தோன்றியது ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். என் நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அவருடைய பட்டியலின் கடைசி வரியில் திருகு, முழு இறுக்கத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.