பாம்புக்கடி: பச்சிலையா, ஊசியா?



கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் நெல் கதிர் முற்றும்போது வயலில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். அறுவடை செய்வோருக்கு மட்டுமன்றி, சிப்காட் ஆலையில் இரவு வேலை முடிந்து வரப்பு வழியே வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பயிற்சி முகாம் ஒன்றில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "எங்க ஊர் வைத்தியர் சிறியாநங்கை கொடுத்தே பல பேரைப் பிழைக்க வெச்சிருக்காரே தம்பி, அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?"

அவர் சொன்னது பொய்யல்ல. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நச்சுப் பாம்பு கடித்தாலும் பல சமயம் நஞ்சு உடலில் இறங்குவதில்லை. இவர்கள் பச்சிலை தின்றாலும் பிழைப்பார்கள், தின்னாவிட்டாலும் பிழைப்பார்கள். இலை கசக்கவில்லையென்றால் விஷம் ஏறிவிட்டது என்று பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல.

நஞ்சு இறங்கியவரின் நிலை வேறு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சினால் இரத்தம் உறையாமல் போகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். இந்த நான்கிற்கும் சேர்த்தே, குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் இது முறிக்கும். நரம்பில் பற்றிக்கொண்ட பிறகு மீட்பது கடினம். வைத்தியர் வீட்டில் கழியும் இரண்டு மணி நேரத்தின் விலை இதுதான். இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குமாதலால் மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும்.

பாம்பையும் மூலிகையையும் இருளர்களைவிட அறிந்தவர் யார்? அவர்களது கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சுதான் மருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் பட்ட கை காலைக் குச்சி வைத்து அசையாமல் வையுங்கள். மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. பாம்பை அடிக்க ஓடிப் பொழுதைப் போக்காதீர்கள். அறிகுறியைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் இம்மருந்து இலவசம்.

கட்டுவிரியன் கடி வலிக்காமலும் போகலாம். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை தொங்கினால், அசீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிராமல் உடனே புறப்படுங்கள்.

சித்த வைத்தியத்தை நான் குறை கூறவில்லை. நாட்பட்ட மூட்டுவலிக்கு அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குத் தாராளமாகப் போகலாம். அந்த நோய் நாள் கொடுக்கும். நஞ்சு கொடுக்காது. எந்த மருத்துவமனையில் இரவிலும் மருத்துவர் இருப்பார், மருந்து இருப்பில் உள்ளது என்பதை அறுவடைக்கு முன்பே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். டார்ச் விளக்குக்கும் முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்சுக்கும் ஆகும் செலவைச் சாகுபடிச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.