விமானி வேலையும் நேர்முகத் தேர்வும்

நியூ டவுனில் வாழும் நமக்கு விமானத்தின் ஓசை அன்றாடம் பழகிய ஒன்று. டம்டம் விமான நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் ஏர் டெக்கானும், 2005-இல் ஸ்பைஸ்ஜெட்டும், 2006-இல் இண்டிகோவும் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கின. ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் கழித்துச் சென்னை சென்ற நம் குடும்பங்கள், இன்று இரண்டரை மணி நேரத்தில் ஊர் சேர்கின்றன. அவ்விமானங்களைச் செலுத்தும் உத்தியோகத்தை நம் பிள்ளைகள் விரும்புவதில் வியப்பென்ன?

அதற்குரிய உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழியறிதல், விமானச் சட்டம் முதலிய பாடங்களிலும் உடற்பரிசோதனையிலும் தேற வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் படிப்பு இது. எனினும் உரிமம் கைக்கு வந்தவுடன் வேலையும் வந்துவிடுவதில்லை. எழுத்துத் தேர்வு, மனப்பாங்குச் சோதனை, சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டுதல், இறுதியில் நேர்முகம் எனப் பல படிகள் உள.

நேர்முகத்தில் கேட்கத்தக்க வினா ஒன்றைக் காண்போம். சித்திரை மாலைகளில் இங்கு வீசும் கால்பைசாகியை நாம் அறிவோம். அத்தகைய இடிமேகம் இறங்கும் வழியில் நின்றால் என்ன செய்வீர்? விலகிச் செல்லலாம், காத்திருக்கலாம், வேறு நிலையத்திற்குத் திரும்பலாம். புத்தகம் படித்தவர் இதைச் சொல்லிவிடுவார். ஆனால், “தலைமை விமானி மேகத்தினுள்ளேயே செல்ல முற்பட்டால்?” என்பது அடுத்த வினா. மலிவுக் கட்டண விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். ஆகவே அங்கு அவசரம் மிகுதி. “பெரியவர் அறியாததா?” என்று பணிவாக விடை கூறுபவர் தம் வாய்ப்பை இழக்கக்கூடும்.

காரணம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில், அனுமதி கிடைக்குமுன்னரே ஒரு தலைமை விமானி புறப்பட்டார். எதிர் விமானம் ஓடுபாதையைவிட்டு விலகியதா என்று உடனிருந்த பொறியாளர் ஐயம் எழுப்பினார். விலகிவிட்டதென்று தலைவர் உறுதியாகக் கூறவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, இளையவர் துணிந்து கூறவும் மூத்தவர் செவிசாய்க்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முறை உலகெங்கும் பரவியது.

நம் வீடுகளில் பெரியோரை எதிர்த்துப் பேசாமையை நற்குணமாகக் கற்பிக்கிறோம். மரியாதை வேண்டியதே. ஆயினும் மரியாதை வேறு, மௌனம் வேறு. மன்னன் கேளாவிடினும் நல்லதை எடுத்துரைப்பது அமைச்சன் கடன் என்று வகுத்தவர் நம் வள்ளுவரேயன்றோ! “ஐயா, உயரம் குறைகிறது, மீண்டும் மேலேறுவோம்” என்று தெளிவாகச் சொல்லும் நா ஒரே நாளில் வாய்ப்பதன்று. தந்தையின் கணக்கில் பிழை காணும் பிள்ளையை அதட்டாமல், “சரிதான், காட்டு” என்று கேட்கும் இல்லத்தில்தான் அது பழகும். நேர்முகத்திற்குரிய முதற்பாடத்தைப் பெற்றோராகிய நாமே தொடங்கி வைப்போமாக.