மூணாவது ஆள், நாலாவது ஆள்: பேஸ்பாலின் பலமான ஜோடி எது?

1961-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்தார். பேப் ரூத்தின் 34 வருட சாதனை அன்றைக்கு உடைந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டு இருந்தது இன்னொரு எண். அந்த சீசன் முழுக்க எதிரணி பிட்சர்கள் மாரிஸை வேண்டுமென்றே "நீ அடிக்க வேண்டாம், சும்மா முதல் பேஸுக்கு நடந்து போ" என்று அனுப்பியது எத்தனை தடவை தெரியுமா? பூஜ்யம். ஒரு தடவைகூட இல்லை.

61 ஹோம் ரன் அடிக்கிற ஆளுக்கு யாராவது தெரிந்தே பந்து போடுவார்களா? போட்டார்கள். ஏன்னா அவருக்கு அடுத்து அடிக்க நின்னது மிக்கி மேன்ட்டில்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் ஜோடி என்றால் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மைதானத்தில் இருப்பார்கள். பேஸ்பாலில் அப்படிக் கிடையாது. ஒன்பது பேர் வரிசையாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வருவார்கள். ஆட்டம் தொடங்கும்போது முடிவு செய்த வரிசையை நடுவில் மாற்ற முடியாது. ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். அதனால் இங்கே ஜோடி என்பது பக்கத்துப் பக்கத்து இடம், அவ்வளவுதான். ஒருத்தர் பேஸில் போய் நிற்பார், அடுத்தவர் அவரை வீட்டுக்குக் கொண்டு வருவார். இந்த வேலைக்குப் பழைய மரபுப்படி மூணாவது, நாலாவது இடம்.

பிட்சர் எல்லைக்கு வெளியே நாலு மோசமான பந்து போட்டால், பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். இதுதான் வாக். பயமுறுத்துகிற பேட்டருக்கு இதை வேண்டுமென்றே கொடுப்பதும் உண்டு. 2004-ல் பேரி பாண்ட்ஸுக்கு மொத்தம் 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தது. பாண்ட்ஸுக்கு 120, மாரிஸுக்கு 0. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில்தான் ஜோடி என்கிற விஷயமே இருக்கிறது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒரே அணியில் ஒரே சீசனில் ரெண்டு பேர் அடித்த ஹோம் ரன்களைக் கூட்டி வரிசைப்படுத்தினேன். மாரிஸ் 61, மேன்ட்டில் 54, மொத்தம் 115. அதுதான் இன்றுவரை உச்சம். 1927-ல் ரூத் 60, லூ கெரிக் 47, மொத்தம் 107. 2024-ல் ஆரன் ஜட்ஜ் 58, ஹுவான் சோட்டோ 41, மொத்தம் 99. மூணுமே யாங்கீஸ்! சரி, 1961-தான் ஜெயிச்சது என்று எழுதி வைத்துவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்துதான் உறைத்தது, வேறு வேறு காலத்துப் பணத்தைக் கூட்டின மாதிரி கூட்டியிருக்கிறேன் என்று. 1927-ல் சீசனுக்கு 154 ஆட்டம், 1961-ல் அமெரிக்கன் லீகில் 162. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், 1927-ல் ஹோம் ரன் அரிதான பொருள். அந்த வருடம் அமெரிக்கன் லீக் முழுக்கவே 439 ஹோம் ரன்தான். அதில் 107 இந்த ரெண்டு பேருடையது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! ரூத்தின் 60-ஐ அந்த லீகில் வேறு எந்த ஒரு முழு அணியும் எட்டவில்லை. அடுத்து வந்த பிலடெல்ஃபியா ஏ'ஸ் அணி மொத்தமாக 56. 1961-ல் அதே லீகில் 1534 ஹோம் ரன், அதில் மாரிஸ்-மேன்ட்டில் பங்கு ஏழரை சதவீதம்.

அதனால் அளவுகோலை மாற்றினேன். ஒரு பேட்டர் பேஸை அடைகிற விகிதத்தையும், அவர் அடியின் கனத்தையும் கூட்டி, அந்த வருடத்து சராசரியோடும் ஆடிய மைதானத்தோடும் ஒப்பிட்டு 100-க்குச் சமன் செய்த ஒரு எண் இருக்கிறது. ஓபிஎஸ் பிளஸ் என்பார்கள். 100 என்றால் சராசரி ஆள். 150 வந்தாலே நட்சத்திரம். 1961-ல் மாரிஸ் 167, மேன்ட்டில் 206. 2024-ல் ஜட்ஜ் 220-க்கு மேல், சோட்டோ 180-க்குக் கொஞ்சம் கீழே. 1927-ல் ரூத் 225, கெரிக் 220. ரெண்டு பேரும் 220! அடுத்தடுத்த இடத்தில்! இதைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

"யாங்கீ ஸ்டேடியத்தில் வலது பக்க எல்லை கிட்டக்க இருந்தது, இடது கை ஆட்களுக்கு லட்டு" என்று ஒரு வாதம் எப்பவும் வரும். எல்லை கிட்டக்க இருந்தது உண்மைதான். ஆனால் ரூத் அந்த 60-ல் 28-ஐ மட்டும்தான் சொந்த மைதானத்தில் அடித்தார், 32 வெளியூரில். மாரிஸ் 30, 31. வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1927-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது கெரிக்குக்குப் போனது. ரூத் ஏற்கெனவே 1923-ல் வாங்கியிருந்தார், ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி கிடையாது என்பது அன்றைய விதி. 60 ஹோம் ரன் அடித்தும் போட்டியிலேயே இல்லை!

இப்போ ஜோடியாக இருப்பதால் என்ன லாபம் என்று ஒரு எளிய கணக்கு. 1927-ல் ரூத் பேஸை அடைந்த விகிதம் 48.6 சதவீதம், கெரிக் 47.4. ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்காது என்று வச்சுக்குவோம் (முழு உண்மை இல்லை, கணக்குக்குப் போதும்). ரெண்டு பேரும் அவுட் ஆகிற வாய்ப்பு 0.514 பெருக்கல் 0.526, அதாவது 27 சதவீதம். ஆக, அந்த ரெண்டு பேர் வந்து போனால் 73 சதவீத நேரம் ஒருத்தராவது பேஸில் இருப்பார். சோட்டோ-ஜட்ஜுக்கு இதே கணக்கு 68.5, மாரிஸ்-மேன்ட்டிலுக்கு 65. 2024-ன் சராசரி பேட்டர் ரெண்டு பேரைப் போட்டால் 53.

ரெண்டு பேரும் சேர்ந்து பேஸை அடைகிற வாய்ப்பைப் பாருங்க, அங்கேதான் வித்தியாசம் பிரமாண்டம். ரூத்-கெரிக்குக்கு 23 சதவீதம், சராசரி ஜோடிக்குப் பத்துக்கும் கீழே. தனித்தனியாகப் பார்த்தால் ஒருத்தர் சராசரியைவிட ஒன்றரை மடங்கு. சேர்த்து நிறுத்தினால் ரெண்டரை மடங்கு ஆகிறது, ஏன்னா பெருக்கல். சிதறி நின்னா இந்தப் பெருக்கல் வீணாகப் போகும்.

அடுத்தது காவல். பின்னால் பெரிய ஆள் நின்னா முன்னால் இருப்பவருக்கு நல்ல பந்து கிடைக்கும், அதனால் அவர் இன்னும் நன்றாக அடிப்பார் என்பது பேஸ்பாலில் கோயில் தலபுராணம் மாதிரி. மாரிஸின் பூஜ்யம் அதற்கு சாட்சி. எதிர்ச் சாட்சியும் அவரிடமே இருக்கிறது. 1962 மே மாதம் மேன்ட்டில் காயத்தில் இருந்தபோது, ஏஞ்சல்ஸுக்கு எதிரான 12 இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றில் மாரிஸுக்கு நாலு தடவை வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். போன வருடம் முழுக்க பூஜ்யம், இப்போ ஒரே ஆட்டத்தில் நாலு!

நானும் இதை அப்படியே நம்பினேன். டாங்கோ, லிக்ட்மேன், டால்பின் மூவரும் எழுதிய 'த புக்' என்ற புள்ளிவிவரப் புத்தகத்தைப் படித்த பிறகு பாதியைக் கைவிட வேண்டி வந்தது. அவர்கள் லட்சக்கணக்கான ஆட்டத் தருணங்களை அலசிச் சொல்வது இதுதான்: பின்னால் பெரிய ஆள் நின்னா முன்னவருக்கு வாக் குறைகிறது, அது உண்மை. ஆனால் அடிக்கிறபோது அவர் அடியின் தரம் கூடுவதாகத் தெரியவில்லை. அதாவது காவல் என்பது பிட்சரின் பயத்தை மாற்றுகிறது, பேட்டரின் திறமையை இல்லை. அதே புத்தகம் மூணாவது இடத்துக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை, சிறந்த மூணு பேரை 1, 2, 4-ல் போடு என்கிறது. இன்றைய மேனேஜர்கள் ரெண்டாவது இடத்துக்குப் பெரிய ஆளைக் கொண்டுவருவது இந்தச் சிந்தனையில்தான். 2024-ல் சோட்டோ ரெண்டாவது, ஜட்ஜ் மூணாவது.

அந்த ஜோடி ஒரு வருடம்தான் ஓடியது. உலகத் தொடரில் டாட்ஜர்ஸிடம் 4-1 என்று தோற்று, சோட்டோ ஊர் மாறாமலே மெட்ஸுக்குப் போய்விட்டார். எங்களை மாதிரி ஆட்களுக்கு இது இலவசப் பரிசோதனை. பிரிந்த பிறகு என்ன ஆச்சு? ஜட்ஜ் பேஸை அடைந்த விகிதம் 2024-ல் 45.8, 2025-ல் 45.7. சோட்டோவின் ஹோம் ரன் 41-லிருந்து 43. சோட்டோவின் சராசரி மட்டும் 288-லிருந்து 263-க்கு இறங்கியது. பின்னால் ஜட்ஜ் இல்லாததால்தான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு வருடத்தை வைத்து அதைச் சொன்னால் நானே என்னை நம்ப மாட்டேன்.

ஒரு சீசன் இல்லாமல் மொத்த வாழ்க்கையைப் பார்த்தால் பதில் மாறும். ஒரே அணியில் சேர்ந்து ஆடிய காலத்தில் ஹாங்க் ஆரனும் எடி மேத்யூஸும் 863 ஹோம் ரன், ரூத்தும் கெரிக்கும் 859. நாலே நாலு வித்தியாசம். பிரேவ்ஸ் அணி மில்வாக்கியில் இருந்ததால் இந்த ஜோடிக்கு நியூயார்க் ஜோடிகள் அளவுக்குப் பாட்டு இல்லை.

ஆக, ஒரு சீசனுக்கு 1927 ரூத்-கெரிக் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடிக்க விடாமல் ஒரு விஷயம் தடுத்தது. அந்த 1927 லீகில் வெள்ளையர் மட்டும்தான் ஆடலாம். "சராசரி 100" என்று நான் மேலே எடுத்துக்கொண்டேனே, அந்தச் சராசரியில் நாட்டின் ஒரு பெரும் பகுதியே சேர்க்கப்படவில்லை. கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்ஸில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஜாஷ் கிப்சன், பக் லெனர்ட் என்று ஒரு ஜோடி இருந்தது. அவர்களைக் கறுப்பின ரூத்-கெரிக் என்று அழைத்தார்கள். 2024-ல் அந்த லீகுகளின் எண்களை மேஜர் லீக் தன் பதிவேட்டில் சேர்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் .372 என்று கிப்சன் டை காபையே தாண்டி முதலிடத்துக்கு வந்தார். 1947 ஜனவரியில் இறந்துபோனார், வயது 35. ஜாக்கி ராபின்சன் அந்த வேலியைத் தாண்டியது அதே வருடம் ஏப்ரலில்.

அந்த லீகுகளில் சீசன்கள் சின்னது. அணிகள் ஊர் ஊராகச் சுற்றி ஆடிய எத்தனையோ ஆட்டங்கள் இந்தக் கணக்கில் வராது. 73 சதவீதம் என்று ரூத்துக்குப் போட்ட மாதிரி கிப்சன்-லெனர்டுக்குப் போட்டு அருகருகே வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் ரூத்-கெரிக் வரிசைக்கு மேலே அவர்கள் பெயரை எழுதி, எண் போடுகிற கட்டங்களைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.